கிள்ளிப்பாலம் முதல் கிழக்கேகோட்டை வரை

வெள்ளி

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. நமக்கு ஆடி, அவர்களுக்குக் கர்க்கடகம், இரண்டு பக்கமும் கல்யாணம் காட்சி கிடையாது, கடைக்காரர்கள் கொஞ்சம் ஓய்வாக வாய் திறந்து பேசுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த மாதத்தில் கிளம்பினேன். வீட்டில் சொன்ன காரணம் வேறு. ஆவணியில் தங்கச்சி வீட்டுப் பால்காய்ப்பு, அதற்கு ஓட்டு உருளி ஒன்று, அதாவது வாயகன்ற வெண்கலப் பாத்திரம், வேண்டும், அதைச் சாலை என்கிற கடைத்தெருவில்தான் வாங்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளத்தை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் வெளியூர்க் கடைத்தெருவாக நினைப்பதில்லை. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், கல்யாணச் சாமானுக்கும் பெரிய வைத்தியத்துக்கும் திருவனந்தபுரம் போகிற வழக்கம் அப்படியே நின்றது.

வில்லுக்குறி வந்தபோது ஜன்னலைத் துடைத்து வெளியே பார்த்தேன், மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சாலைக் கம்போளத்தை உண்டாக்கிய திருவிதாங்கூர் அரசின் திவான் ராஜா கேசவதாஸ் இதற்குப் பக்கத்துக் குன்னத்தூரில் பிறந்தவர். ஒரு மரக்காயர் வியாபாரியிடம் கணக்கு எழுதும் பையனாக இருந்து, அரண்மனைக்குள் போய், 1789-ல் திவான் ஆனார். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்ததும் அவர்தான். கோட்டைக்குக் கிழக்கே சரக்கு வந்து இறங்குவதற்கு ஒரு தெருவை அமைத்தவர் கணக்கப்பிள்ளை வேலை பார்த்தவர் என்பது அந்தத் தெருவில் நடந்தால் புரியும் என்பது என் எண்ணம். அலங்காரத்துக்கு என்று அங்கே ஒன்றுமே கிடையாது, எல்லாம் சரக்குக்கும் கல்லாவுக்கும்.

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை. பாலராமபுரத்தில் போக்குவரத்து நெரிசலில் பஸ் நெடுநேரம் நின்றது. திருவிதாங்கூர் ராஜா பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து குடியேற்றிய நெசவு ஊர் இது, கைத்தறி வேட்டிக்குப் பேர்போனது. இன்னொரு கதையும் இந்த ரோட்டுக்கு உண்டு, அதை யாரும் போர்டில் எழுதி வைப்பதில்லை. 1893-ல் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறி, தன் சாதிக்காரர்கள் நடக்கக்கூடாது என்றிருந்த பொது வழியில் ஓட்டிக் காட்டினார். அப்புறம் ஆட்களைத் திரட்டிச் சந்தைக்கு நடந்துபோனபோது இங்கே சாலியத் தெருவில் பெரிய அடிதடியே நடந்தது. பழைய கடைத்தெருக்களைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள், நானும்தான், அந்தத் தெருவில் யார் நடக்க முடிந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதிவிட்டால் நல்லது.

கிள்ளிப்பாலத்தில் இறங்கிக்கொண்டேன். எல்லோரும் தம்பானூரில் இறங்கி, கிழக்கேகோட்டைப் பக்கமாகச் சாலைக்குள் நுழைவார்கள். அப்படிப் போனால் முதலில் வளையல், பிளாஸ்டிக், செல்போன் உறை, குழந்தைச் சட்டை, இதுதான் கண்ணில் படும். ஐயோ சாலை போச்சே என்று புலம்பிக்கொண்டு திரும்பிவிடலாம். கிள்ளிப்பாலம் முனையிலிருந்து நுழைந்தால் வேறு தெரு. ஆரியசாலைப் பக்கம் மொத்த வியாபாரம். அரிசி மூட்டை, மல்லி, வற்றல் மிளகாய், வெல்லம், சாக்கு, கயிறு. மழையில் நனையாமல் இருக்க எல்லாக் கடை முன்னாலும் நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள், அதில் தேங்கிய தண்ணீரை ஒரு பையன் கம்பால் குத்தித் தள்ளும்போதெல்லாம் கீழே போகிற யாராவது ஒருவர் திட்டினார். திட்டு பாதி மலையாளம், பாதி தமிழ்.

ஆரியசாலை பகவதி கோயிலை நம் ஊர்க்காரர்கள் வேறு வகையில் அறிவார்கள். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள் இல்லையா, அதில் குமாரசுவாமி வந்து தங்குவது இங்கேதான். வழியில் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இராத் தங்கல். களியக்காவிளையில் இரண்டு மாநிலப் போலீசும் நின்று மரியாதை செய்து கைமாற்றிவிடுவார்கள். இந்த ஊர்வலம் வருகிற நாளில் கடைக்காரர்கள் வாசலில் விளக்கும் நிறைநாழியும் வைப்பார்கள் என்று ஒரு மல்லிக்கடை அண்ணாச்சி சொன்னார். அவர் பேச்சில் நாகர்கோவில் வாடை அடித்தது. "நீங்க நாரோயிலா?" என்று கேட்டேன். "அப்பா ஈத்தாமொழி. நான் இங்கதான் பொறந்தேன், தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சேன்" என்றார். சாலையில் அரசு தமிழ் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. வகுப்பு விட்டு வந்த பிள்ளைகள் தங்களுக்குள் மலையாளத்தில் கத்திக்கொண்டே வந்து, மிட்டாய்க் கடையில் தமிழில் கடன் சொன்னதைப் பார்த்தேன்.

சனி

சாலையின் குறுக்குச் சந்துகளில்தான் இன்று முழுக்க. கொத்துவால் தெரு, சபாபதி கோவில் தெரு, கருப்பட்டிக்கடை முக்கு. கர்க்கடகம் என்பதால் அங்காடி மருந்துக் கடைகளில் மட்டும் கூட்டம். நவரை அரிசி, வெந்தயம், சீரகம், இன்னும் பேர் தெரியாத வேர்கள் எல்லாம் சேர்த்து கர்க்கடகக் கஞ்சிப் பொட்டலமாகக் கட்டி அடுக்கியிருந்தார்கள். முன்னெல்லாம் ஆள் வந்து சீட்டு நீட்ட, பின்னால் இருக்கிற இழுப்பறைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துத் தாளில் மடிப்பார்கள். இப்போது அட்டைப் பெட்டி, மேலே கம்பெனி பெயர், கஞ்சி வைக்கும் முறை உள்ளே அச்சடித்து இருக்கிறது. ஒரு கடையில் மட்டும் அந்த இழுப்பறைச் சுவர் இன்னும் இருந்தது. கரிப்பிடித்த மரம், ஒவ்வொரு அறைக்கும் பித்தளைக் குமிழ், குமிழைச் சுற்றி விரல் பட்டுப் பட்டு மரமே குழிந்துபோயிருந்தது. சீட்டெழுதிய தாள்களில் சில தமிழ், சில மலையாளம், ஒன்றிரண்டு இரண்டும் கலந்து. படம் எடுக்கலாமா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "எடுத்தோ, பட்சே (ஆனால்) அதுக்குள்ள ஒண்ணும் இல்ல, எலி பயம். சரக்கெல்லாம் டின்ல" என்றார்.

இந்த ஆடியில் எனக்குச் சிரிப்பு வந்த ஒன்று: கோட்டைப் பக்கத் துணிக்கடைகளில் மலையாள எழுத்தில் 'ஆடித் தள்ளுபடி'. கர்க்கடகத்தில் தள்ளுபடி போடும் வழக்கம் இந்தப் பக்கம் பழையது கிடையாது. எங்கள் பக்கத்துப் பெரிய ஜவுளிக்கடைகள் எம்.ஜி. ரோட்டுக்கு வந்தபோது கூடவே ஆடியையும் கொண்டு வந்துவிட்டன. சாலைக்குள் இருக்கிற சின்ன ஜவுளிக் கடைகள் வேறு வழியில்லாமல் தாங்களும் ஒரு துணிப் பேனர் கட்டியிருக்கின்றன.

கடைகள் எப்படி மாறுகின்றன என்பதற்கு இன்று ஒரு நல்ல பாடம் கிடைத்தது. பாத்திரக் கடை ஒன்றில் உருளி விலை விசாரிக்கப் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் அறுபது தாண்டியவர், வேட்டி, காதில் கடுக்கன், என்னை "தம்பி" என்றும் வேலையாளை "மோனே" என்றும் கூப்பிட்டார். வாடகை என்பதே அவர் பேச்சில் பாதி நேரம் ஓடியது. சாலையில் பழைய கடைகள் நிறைய தலைமுறை தலைமுறையாக வாடகைக்கு இருப்பவை. கேரளத்தில் 1965-ஆம் வருட வாடகைச் சட்டப்படி குடியிருப்பவரைக் கிளப்புவது லேசில்லை, வாடகையும் அந்தக் காலத்து வாடகை. அதனால் கட்டடத்துக்காரர் ஓடு மாற்றமாட்டார், உத்தரம் உளுத்தாலும் கண்டுகொள்ளமாட்டார். குடியிருப்பவரும் தன் காசைப் போட்டுச் சரிசெய்யமாட்டார். ஒரு கடைக்காரர் செத்தோ, பிள்ளைகள் கல்ஃபில் செட்டிலாகியோ கடை கைமாறுகிற அன்றைக்குத்தான் கட்டடத்துக்காரருக்கு வாய்ப்பு. உடனே பழைய நீளக் கடையைக் குறுக்கே தடுத்து மூன்றாக்கி, மூன்று ஷட்டர் போட்டு, மூன்று பேருக்குக் கொடுத்துவிடுவார். அந்தச் சின்ன அளவுக் கடையில் உருளி வைக்க முடியுமா? செல்போன் உறை வைக்கலாம். சாலையில் எங்கே பார்த்தாலும் செல்போன் உறை தொங்குவதற்கு ரசனை மாற்றம் காரணம் இல்லை, கடையின் அகலம்தான் காரணம் என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியாகவே பட்டது.

லுலு மால் வந்ததால் அடி பலமா என்றும் கேட்டேன். ஆக்குளத்தில் 2021 டிசம்பரில் திறந்தார்கள், சாலைக்குச் சாவு மணி என்று அப்போது நிறைய பேர் எழுதினார்கள். "மால்ல போய் அஞ்சு மூட்டை மல்லி கேளுங்க பாப்போம்" என்று பக்கத்துக் கடைக்காரர் இடையில் புகுந்தார். அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கி, "சில்லறை போச்சு, அது உண்மதான். வீட்டுக்கு வாங்கறவங்க வாறதில்ல" என்று அவரே ஒத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஒரு போளி வாங்கிப் பால்பாயசத்தில் நனைத்துச் சாப்பிட்டேன். நம் பக்கம் போளியை நெய் விட்டுத் தின்பதோடு சரி. திருவனந்தபுரம் சத்யை விருந்தில் இதைப் பாயசத்தோடு பிசைந்து அடிக்கிறார்கள். தமிழ்நாட்டுப் போளி எல்லை தாண்டிப் போய் நல்ல வாழ்க்கை வாழ்கிறது.

ஞாயிறு

மொத்த வியாபாரம் லீவு. ஷட்டர்கள் இறங்கியிருந்தால்தான் சாலைத் தெருவின் முகத்தைப் பார்க்க முடியும், மற்ற நாளில் சரக்கு மறைத்துக்கொள்கிறது. மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். ஓட்டுக் கூரை, மரச் சட்டம் போட்ட சின்னச் சின்ன ஜன்னல்கள், அதன் நடுவே திடீரென்று ஒரு கண்ணாடி முகப்பு, மறுபடி ஓடு. கீழே பெரும்பாலும் இரும்பு ஷட்டர்தான். ஆனால் ஒரு சந்து முனையில் பழைய நிரைப்பலகை போட்ட கடை ஒன்று மிச்சம் இருந்தது. ஒவ்வொரு பலகையிலும் வெள்ளைச் சாயத்தில் எண் எழுதியிருந்தது, அந்த வரிசையில்தான் பள்ளத்தில் சொருக வேண்டும், மாற்றிப் போட்டால் கடைசிப் பலகை உட்காராது. நடுவில் ஒரு பலகை மட்டும் பிளைவுட். அதற்கும் மறக்காமல் எண் எழுதியிருந்தார்கள்.

சில இடங்களில் கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளியே இல்லை, மரமும் ஓலைப்பாயும் எண்ணெய்யும் சாக்கும் ஒன்றாக அடைந்து கிடக்கின்றன, தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லை. தீ என்றால் இந்தத் தெருவுக்கு நடுக்கம்தான். 1982-ல் நடந்த கலவரத்தில் எரிந்த கடைகளைப் பற்றி வயதானவர்கள் இன்றும் பேசுகிறார்கள், பேச ஆரம்பித்துச் சட்டென்று வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். நானும் கிளறவில்லை.

பாரம்பரியத் தெருவாக்குகிறோம் என்று சாலையில் அழகுபடுத்தும் வேலைகளும் நடந்திருக்கின்றன. சுவர்ச் சித்திரங்கள் பார்க்க நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மூட்டை சாத்தி வைக்கிற சுவரில் ஓவியம் எத்தனை நாள் நிற்கும்? இந்தத் தெருவுக்கு உண்மையில் பிரயோஜனமான வேலை 2015-ல் நடந்த 'ஆபரேஷன் அனந்தா' என்பேன். ஒரு மழைக்கே தம்பானூரும் கிழக்கேகோட்டையும் முழங்கால் தண்ணீரில் நிற்கும் நிலை இருந்தது. ஓடைகளின் மேலே கட்டியிருந்ததையெல்லாம் உடைத்து, தெக்கனங்கரைக் கால்வாயைத் தூர்வாரினார்கள். இப்போதும் தண்ணீர் தேங்கத்தான் செய்கிறது, ஆனால் முன்பு போல இல்லை என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள்.

பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, காந்தி பார்க் வழியாகக் கிழக்கேகோட்டை வாசலைத் தாண்டி உள்ளே போனேன். இங்கே கடைகள் மாறியதற்குக் காரணம் முற்றிலும் வேறு. 2011-ல் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளைத் திறந்த பிறகு உலகமே இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. போலீஸ், தடுப்பு, கேமரா, வண்டி நிறுத்தத் தடை. சரக்கு வண்டி வர முடியாத இடத்தில் சரக்குக் கடை நிற்காது. வாடகை வேட்டி, பை காப்பகம், யானைப் பொம்மை, பிரேம் போட்ட பத்மநாபர், சர்பத் என்று வெளியூர்ப் பக்தருக்கான கடைகளாக ஆகிவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை, நானே ஒரு சர்பத் குடித்தேன், நன்றாக இருந்தது.

மேத்தன் மணி என்கிற பழைய கடிகாரத்தின் கீழே பத்து இருபது பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோயில் எதிரே கரிவேலப்புரை மாளிகைச் சுவரில் இருக்கிற அந்தத் தாடிக்காரன் முகம், மணி அடிக்கும்போது வாயைத் திறக்க, இரண்டு பக்கத்து ஆடுகளும் ஓடிவந்து கன்னத்தில் முட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலை. முட்டியதும் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில்தான் ராஜா சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகை, கூரைக்குக் கீழே வரிசையாக 122 மரக் குதிரைகள். மழை வலுக்கவே அதை வெளியே நின்று பார்த்ததோடு சரி.

திங்கள்

விடிவதற்கு முன்னால் எழுந்து போனது வீண்போகவில்லை. சாலையைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும்.

களியக்காவிளை தாண்டி இரவெல்லாம் வந்த லாரிகளும் சின்ன யானை வண்டிகளும் வரிசையாக நிற்கின்றன. தோவாளைப் பூ, ஈரச் சாக்கைப் பிரித்ததும் தெரு முழுக்கப் பிச்சி வாசனை. எங்கள் பக்கத்து வாழைக்குலைகள்: நேந்திரன், செந்துளுவன், ரசகதலி, மட்டி. கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதன் விலையைச் சொல்லும்போது வியாபாரிகள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறார்கள். பாவூர்சத்திரம் காய்கறி செங்கோட்டை வழியாகக் கொல்லம் பக்கம் போவது போல, நாகர்கோவில் பக்கத்துக் காய் இந்த வழியாக இங்கே இறங்குகிறது. மூட்டை இறக்குவது சுமட்டுத் தொழிலாளிகள், சங்கத்துக்கு ஒரு நிறச் சட்டை. அவர்களுக்கென்று 1978-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்கும் 'நோக்கு கூலி'யைக் கேரள அரசு 2018 மே 1-ல் தடை செய்தது. இதைப் பற்றி நம் ஆட்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த இருட்டு மழையில், தலையில் சும்மாட்டின் மேல் மூட்டையோடு வழுக்குகிற கல்லில் ஓடுகிறவரைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கதைகளில் முன்போல ருசி இல்லை.

இங்கே நின்று பார்க்கும்போதுதான் கடைகளின் கணக்கு எனக்குப் பிடிபட்டது. ராத்திரி லாரியில் வந்து விடிகாலையில் தலைச்சுமையாக இறங்க வேண்டிய சரக்கு எதுவோ, அது சாலையில் இருக்கிறது. பூ, காய், குலை, மல்லி, வெல்லம். எதைப் பெட்டியில் போட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்க முடியுமோ, அந்தக் கடைகள் போய்விட்டன, அல்லது போய்க்கொண்டிருக்கின்றன. ரேடியோக்கடை, கடிகாரக்கடை, பேனாக்கடை என்று பெரியவர்கள் சொல்கிற எதுவும் இப்போது இல்லை. மண்பானையை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு குறையும் வரவில்லை. மாசியில் ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பொங்கலை விழா வரும்போது இந்தத் தெருவே அடுப்பாகிவிடும், லட்சக்கணக்கான பெண்கள் செங்கல் வைத்துப் பொங்கல் இடுவார்கள், அதற்குப் பானை லாரி லாரியாகத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. பொங்கலை முடிந்ததும் அந்தச் செங்கல்லை மாநகராட்சி பொறுக்கி ஏழைகளுக்கு வீடு கட்டும் திட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறது. புத்திசாலித்தனமான ஏற்பாடு.

கடை திறக்கிற நேரத்துக்குச் சனிக்கிழமை பேசிய பாத்திரக் கடைக்குப் போனேன். பெரியவர் மூன்று உருளிகளை எடுத்து வைத்தார். ஒன்று பித்தளை, பளபளவென்று மஞ்சள். இரண்டு ஓடு, மங்கிய நிறம். ஓடு என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்த்து உருக்கி வார்ப்பது, ஆலப்புழை மாவட்டம் மான்னாரில் வார்த்து வருகிறது. மெழுகில் உரு செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பெரியவர் உருளியின் அடியை உள்ளங்கையில் நிறுத்தி, விளிம்பை நடுவிரல் கணுவால் ஒரு தட்டு தட்டினார். பித்தளை டக்கென்று நின்றுவிட்டது. ஓடு இழுத்துக்கொண்டே போனது, அது அடங்குகிற வரை அவர் பேசவில்லை. இன்னொன்றையும் தட்டினார், பாதியில் லேசாகக் கரகரத்தது. அதைத் தனியே நகர்த்தி வைத்து, "இதுல உள்ள ஒரு கீறல் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. உனக்கு வேண்டாம்" என்றார். உட்புறத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார், கடைசல் பிடித்த வட்ட வட்டக் கோடுகள் விரலில் தட்டுப்பட்டன. அப்புறம் தராசு, எடைக்குத்தான் விலை. பேரம் பேசினேன், ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. ஒரு சின்னக் கிண்டியை, மூக்கு வைத்த செம்பை, சும்மா தந்தார்.

இந்தக் கடையை இவருக்கு அப்புறம் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். பையன் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கில் வேலை, கடைக்கு வருவதில்லை. தம்பி மகன்தான் பார்க்கிறான், ஆனால் அவனுக்கு இங்கே உட்கார இஷ்டமில்லை. கிள்ளிப்பாலம் பக்கம் ஒரு குடோன் எடுத்து, போனில் உருளியைப் படம் பிடித்துப் போட்டு விற்கிறான், துபாய்க்குக்கூட அனுப்புகிறானாம். நான் லாரியில் வருகிற சரக்கு, பெட்டியில் போகிற சரக்கு என்று பிடித்து வைத்திருந்த கணக்கில் உருளி இரண்டு பக்கமும் நின்றது. "நல்லா விக்கானா?" என்று கேட்டேன். "விக்கான். பட்சே வாங்கறவன் தட்டிப் பாக்க முடியாதுல்லா, அதனால நாலுல ஒண்ணு திரும்பி வருது. திரும்பி வாறத நான் இங்க வச்சு விக்கேன்" என்றார்.

உருளியைச் சாக்கில் சுற்றி, பழைய மலையாளப் பத்திரிகை திணித்து, கயிறு போட்டுக் கைப்பிடியும் கட்டிக் கொடுத்தான் வேலைக்காரப் பையன். தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸில் கண்டக்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். பாறசாலை வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், அதற்கப்புறம் கால் மரத்துப்போய் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.